முன்பள்ளிக்கு ஒரு மாணவர் டீன் எதற்கு?

அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சி தொலைபேசியில், "மகனைப் பற்றி இண்டைக்கு டீன் கூப்பிட்டுக் கதைச்சவா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவாள். இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் இருந்து கேட்கும் அக்காவுக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். டீன் வரைக்கும் போகிற அளவுக்கு நாலு வயதுப் பிள்ளை அப்படி என்ன செய்துவிட்டான்?

அக்கா பதறுவதில் பிழையில்லை. மாணவர் டீன் என்றதும் எங்கள் மனதில் வந்து நிற்கும் ஆட்கள் வேறு. ஒருவர் பல்கலைக்கழகப் பீடாதிபதி. இன்னொருவர், பிந்தி வரும் பிள்ளைகளை வாசலில் மறிக்கும் ஒழுக்காற்று ஆசிரியர். சிலர் மாணவத் தலைவரையே நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று பேரும் இந்தக் கதைக்குப் பொருந்தாதவர்கள். பொருந்தாத ஆளை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால்தான், முன்பள்ளியில் இப்படி ஒரு பொறுப்பு வேண்டும் என்று யாராவது சொன்னால், "சின்னப் பிள்ளையளுக்கு என்னத்துக்கு டீன்?" என்று கேட்டு அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறோம். வன்னியில் அந்தப் பேச்சு அப்படி முடிந்துபோகக் கூடாது என்பது என் எண்ணம். அதனால் அடியிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

## இந்தப் பொறுப்பு எங்கிருந்து வந்தது

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் தொகை பெருகியது. தலைவராக இருந்தவரால் ஒவ்வொரு மாணவரையும் முகம் தெரிந்து வைத்திருக்க முடியவில்லை. பாடமும் பரீட்சையும் ஒரு பக்கம் நடக்க, ஒருவன் ஏன் வகுப்புக்கு வரவில்லை, காய்ச்சலில் கிடக்கிறானா, ஊர் நினைப்பில் வாடுகிறானா என்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. 1890களில் ஹார்வர்டில் லெபரன் ரசல் பிரிக்ஸ், சிகாகோ பல்கலைக்கழகத்தில் பெண் மாணவர்களுக்கு மேரியன் டால்பட் என்று அந்த வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். பிறகு அந்தப் பொறுப்பு பாடசாலைகளுக்கு இறங்கியது. அண்மைக் காலத்தில் ஆரம்பப் பாடசாலைகளுக்கும் சில முன்பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது.

சில இடங்களில் அது வெறும் தண்டனை அலுவலகமாகச் சுருங்கிப்போனதும் உண்மை. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளிடம் அந்த வடிவம் எடுபடாது. ஆகவே இந்தக் கட்டுரையில் மாணவர் டீன் என்று நான் சொல்வது இப்படியான ஒருவரை: பாடம் நடத்துவதை ஆசிரியையிடமும் நிர்வாகத்தை அதிபரிடமும் விட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் பயமில்லாமல் வந்து, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து, அன்றைய பொழுதை முழுதாகக் கழிக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கென்றே நேரமும் அதிகாரமும் கொடுக்கப்பட்ட பெரியவர்.

நேரமும் அதிகாரமும் என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஒரு துளியும் செய்யாத முன்பள்ளி உலகத்தில் இருக்காது. அழுகிற பிள்ளையை ஆராவது தூக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அது ஆருடைய வேலை என்று எழுதப்பட்டிருக்காது. எழுதப்படாத வேலைக்கு நேரம் கிடைக்காது.

## வாய்க்கால் பார்க்கிறவர்

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். கமக்கார அமைப்பில் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். அவர் மற்றவர்களுடைய வயலை உழுவதில்லை, விதைப்பதில்லை. கடைசி வயல்காரர் வந்து "பயிர் மஞ்சளாப் போகுது, தண்ணி ஏறேல்லை" என்று சொன்னால், அவர் வரம்பில் நின்று பயிரை ஏசமாட்டார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் மேலே நடப்பார். ஓரிடத்தில் புல் அடைத்திருக்கும். ஓரிடத்தில் கரை உடைந்து தண்ணீர் வீணாகக் காட்டுக்குள் ஓடும். இன்னோரிடத்தில் ஆரோ இரவோடு இரவாக மறித்துக் கட்டியிருப்பார்கள். அடைப்பை எடுத்துவிட்டுத்தான் திரும்பி வருவார்.

முன்பள்ளியில் ஒரு பிள்ளை கடிக்கிறது, தள்ளுகிறது, மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்கிறது என்றால் எங்கள் கண்ணில் படுவது மஞ்சளான பயிர் மட்டும்தான். நித்திரையா, பசியா, வீட்டில் ஏதாவது நடந்ததா, வகுப்பில் பொருட்களை வைத்த விதமா, காது சரியாகக் கேட்கவில்லையா என்று மேலே நடந்துபோய்ப் பார்ப்பது டீனின் வேலை. ஒப்பீடு இந்த அளவோடு போதும். பிள்ளைக்குள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

## நாலு வயதுக் கோபம் வேலை செய்யும் விதம்

சின்னப் பிள்ளைக்குக் கோபமோ பயமோ வந்தால் உடம்பு முழுக்க வரும். மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்று சிறிய ஒரு பகுதி இருக்கிறது. ஏதோ ஆபத்து என்று அதற்குப் பட்டதும் உடம்பை உசார்ப்படுத்திவிடும். நெஞ்சு வேகமாக அடிக்கும், கை கால் இறுகும், சொல்வது காதில் ஏறாது. 'பொறு, கொஞ்சம் யோசி' என்று அதைத் தணிக்கும் வேலையை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி செய்கிறது. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டியும் சில வருடங்கள் எடுக்கும். நாலு வயதில் அது இப்போதுதான் வேலை பழகுகிறது.

வந்த கோபத்தையும் பயத்தையும் தானாகவே தணித்து, செய்துகொண்டிருந்த காரியத்துக்குத் திரும்பும் திறனைச் சுய ஒழுங்குபடுத்தல் என்பார்கள். எந்தப் பிள்ளையும் இதோடு பிறப்பதில்லை. அமைதியாக இருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து, தன்னுடைய அமைதியைக் கொண்டு பிள்ளையைத் தணியவைப்பது இணை ஒழுங்குபடுத்தல். முதலாவது திறன் இரண்டாவதிலிருந்துதான் வளர்கிறது. கைக்குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டும்போது தொடங்குகிற காரியம் இது. நாலு வயதில் அதன் வடிவம் மட்டும் மாறும்: பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குந்தியிருப்பது, குரலைத் தாழ்த்துவது, சொல்லைக் குறைப்பது, அவசரப்படாமல் இருப்பது. இப்படி நூறு தடவை தணிக்கப்பட்ட பிள்ளை, நூற்றோராவது தடவை கொஞ்சம் தானாகத் தணிய முயலும். இன்று ஒருவர் துணையோடு செய்வதை நாளை பிள்ளை தனியாகச் செய்யும் என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி (1896–1934) கற்றலைப் பற்றிச் சொன்னது கோபத்துக்கும் பொருந்துகிறது.

"இது செல்லம் கொடுத்துப் பழுதாக்கிற வேலையல்லோ?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஓங்கிய கையை டீன் பிடிக்கத்தான் வேண்டும். "அடிக்க விடமாட்டன்" என்று தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும். எல்லை எல்லையாகவே நிற்கும். மாறுவது முன்பின் வரிசை மட்டும்: முதலில் பிள்ளை தணிய வேண்டும், பிறகுதான் பேச்சு. கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நீங்கள் சொல்லும் நியாயம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள உள்ளே ஆளில்லை. பத்து நிமிடம் கழித்து அதே பிள்ளை மடியில் இருந்துகொண்டு அதே நியாயத்தைக் கேட்கும்.

சுருக்கமாக: கோபம் பிள்ளையின் உடம்பில் நடக்கிறது, அதைத் தணிக்கும் திறன் பெரியவரிடமிருந்து பழகுவது, டீன் அந்தப் பழக்கம் தடைப்படாமல் பார்ப்பவர்.

## ஒரு கடியும் மூன்று நிரலும்

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு முன்பள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாலு வயதுத் தம்பி ஒருவன் ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகளைக் கடித்துவிட்டான். ஒரு பிள்ளையின் தாய் கையில் பல் அடையாளத்தைக் காட்டிச் சத்தம் போட்டுவிட்டுப் போகிறார். ஆசிரியைக்கு அழுகையே வருகிறது.

டீன் முதலில் எடுப்பது நாற்பது பக்கக் கொப்பி. அதில் மூன்று நிரல்: கடிக்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். நேரத்தையும் எழுத வேண்டும். 'கெட்ட பிள்ளை', 'வேணுமென்று செய்தான்' என்ற சொற்களுக்கு அந்தக் கொப்பியில் இடமில்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவது. நடத்தையைப் படிக்கிறவர்கள் உலகமெங்கும் வைத்திருக்கும் பதிவு முறை இதுதான். இதற்குக் கொப்பியும் பேனையும் போதும்.

ஒரு வாரம் எழுதிய பிறகு பார்த்தால், எல்லாக் கடியும் பத்து மணிக்குச் சற்று முன்னால் நடந்திருக்கிறது. இரண்டு, குழாயடியில் கைகழுவ வரிசையில் நின்றபோது. மூன்றாவது, பாய் விரித்து எல்லோரையும் நெருக்கி இருத்தியபோது. கடைசி நிரலில் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கடித்தவுடன் ஆசிரியை அவனை வரிசையிலிருந்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்துகிறார். மற்றப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய அவசரத்தில் அவனுடைய கோப்பையை முதலில் கொடுத்துவிடுகிறார். ஆக, கடித்த நாளெல்லாம் அவனுக்கு நெரிசலிலிருந்து விடுதலை, ரீச்சருக்குப் பக்கத்தில் இடம், முதல் சாப்பாடு. பிள்ளை திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் உடம்பு அந்தப் பாடத்தைப் படித்துவிட்டது.

அடுத்தது படலையடி. தாய் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு விடிய முன்னம் போய்விடுவார். பிள்ளையைக் கொண்டுவருவது அம்மம்மா. டீன் கடித்த கதையை எடுக்காமல் தொடங்குகிறார்.

"அம்மா, தம்பி நேற்று அழகா ஒரு வீடு கட்டினவர். காட்டவேணுமெண்டு வச்சிருக்கிறன். காலமை என்ன சாப்பிட்டவர்?"

"எங்க பிள்ளை சாப்பிடுறான்? தேத்தண்ணியும் ரெண்டு பிஸ்கற்றும்தான். இரவு முழுக்க யானை வெடி. ரெண்டு மணிக்குப் பிறகுதான் கண்ணயர்ந்தவன்."

யானை வெடி என்பது காட்டோரக் கிராமங்களில் யானையைத் துரத்தக் கொளுத்துவது. வன்னியில் முன்பள்ளி நடத்துகிறவர்கள் எந்த வெளிநாட்டுக் கைநூலிலும் காணமுடியாத காரணம் இது. பிள்ளையின் நித்திரையைக் கெடுத்து, அடுத்த நாள் பத்து மணிக்கு அது கடியாக வெளியே வருகிறது.

இனிச் செய்வது சின்னச் சின்ன வேலைகள். எட்டரைக்கு அவனுக்கு ஒரு வாழைப்பழம். கைகழுவ முழு வகுப்பையும் வரிசையில் நிறுத்தாமல் நான்கு நான்கு பேராக அனுப்புவது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது. கோப்பைகளைப் பாயில் வைக்கும் பொறுப்பைத் தம்பிக்குக் கொடுப்பது. அப்போது ரீச்சரின் பக்கத்தில் நிற்கும் இடம் கடிக்காமலே கிடைக்கிறது. கடிக்கத் தோன்றும்போது சொல்ல, "தள்ளி நில்" என்ற இரண்டு சொல்லை அமைதியான நேரத்தில் பழக்குவது. கடி வாங்கிய பிள்ளையிடமும் அதன் தாயிடமும் போய் இருந்து பேசுவது. இந்தக் கடைசி வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தத் தாய்க்கு ஆறுதல் கிடைக்காவிட்டால் அடுத்த நாள் வாசலில் பிரச்சினை பெரிதாகும்.

இப்படிச் செய்தால் கடி அடுத்த நாளே நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. குறையும், ஒரு நாள் திடீரென்று திரும்ப வரும், பிறகு இன்னும் குறையும். திரும்ப வந்த நாளையும் கொப்பியில் எழுத வேண்டும். அன்று என்ன வித்தியாசமாக இருந்தது என்பது அங்கேதான் கிடைக்கும்.

## ஆசிரியைக்குத் துணையாக

பிள்ளை குழம்பினால் டீன் வந்து பிள்ளையைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பல சமயம் நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு. டீன் வகுப்பைப் பொறுப்பெடுத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். ஆசிரியை அந்தப் பிள்ளையோடு போய் ஒரு மூலையில் இருப்பார்.

நாள்தோறும் பிள்ளையோடு இருப்பவர் ஆசிரியை. தணியும் பழக்கம் அவர்கள் இருவருக்கும் இடையில்தான் உருவாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் இன்னொருவர் வந்து தூக்கிக்கொண்டு போனால், 'என்னை என்ர ரீச்சருக்குச் சமாளிக்க ஏலாது' என்பதைப் பிள்ளையும் படிக்கிறது, ஆசிரியையும் படிக்கிறார். நல்ல டீன் ஒருவர் இருக்கும் முன்பள்ளியில் வருடக் கடைசியில் டீனுக்கு வேலை குறைந்திருக்கும், ஆசிரியைகளின் கை தேர்ந்திருக்கும்.

ஆசிரியையும் மனுசிதான். வீட்டில் கடன், பஸ் பிந்தியது, சம்பளம் என்று சொல்லக் கூச்சப்படும் அளவுக்கு ஒரு கொடுப்பனவு. அவருக்கு அமைதி இல்லாத நாளில் பிள்ளைக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இருக்காது. "ரீச்சர், அஞ்சு நிமிசம் நான் பாக்கிறன், தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்று ஒருவர் சொன்னால் போதும், அந்தக் காலை வேறு விதமாகப் போகும். பார்க்கிறவர்களுக்கு இது உதவி மாதிரி மட்டும் தெரியலாம். எனக்கு இது டீனின் முழு வேலையிலும் பெறுமதியான பகுதி.

வீட்டோடு பேசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முன்பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே ஏதோ பிழை என்று ஆகிவிட்டால், தாய் தகப்பன் தொலைபேசியை எடுக்கவே பயப்படுவார்கள். அதனால் நல்ல செய்திக்கும் கூப்பிட வேண்டும். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்தால், பிள்ளை பாடியதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அந்தத் தாயிடம் பிறகு ஒரு நாள் கஷ்டமான கதை ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால், அவர் கேட்பார்.

## அடியும் வீட்டுக்கு அனுப்புவதும்

அடியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அடி வாங்கும் பிள்ளையின் உடம்பு இன்னும் உசாராகும். தணியப் பழகும் சந்தர்ப்பம் கைவிட்டுப் போகும். பெரியவர் தன் கோபத்தைக் கையால் காட்டியதைப் பிள்ளை பார்த்து வைத்திருந்து, நாளை தன்னைவிடச் சின்னப் பிள்ளையிடம் காட்டும். சட்டமும் பேசாமல் இருக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுமை இழைப்பதை 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமாகச் சேர்த்தது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது.

நான் அதிகம் பேச விரும்புவது மற்றதைப் பற்றி. வீட்டுக்கு அனுப்புவது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கில்லியம் 2005இல் வெளியிட்ட ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. அரசு நிதியில் நடக்கும் முன்பள்ளி வகுப்புகளில் 1000 பிள்ளைகளுக்கு 6.67 பேர் வீதம் நிரந்தரமாக விலக்கப்பட்டிருந்தார்கள். முதலாம் வகுப்புக்கு முந்திய ஆண்டிலிருந்து 12ஆம் வகுப்பு வரையான பாடசாலைகளில் விலக்கப்பட்ட வீதத்தைவிட இது மூன்று மடங்குக்கும் அதிகம். ஆண் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் கூடுதலாக விலக்கப்பட்டிருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பிள்ளைகளின் மனநலம், நடத்தை பற்றித் தெரிந்த ஒருவர் வகுப்புக்கு வந்து உதவிய இடங்களில் ஆசிரியைகள் பிள்ளையை விலக்குவது குறைவாக இருந்தது. வறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில் நடத்தையைக் காரணம் காட்டிப் பிள்ளையை விலக்குவது 2016இல் தடைசெய்யப்பட்டது. முன்பள்ளிக்கு டீன் போன்ற ஒருவர் தேவை என்ற எண்ணம் வலுத்ததற்கு இந்தப் பின்னணி ஒரு காரணம்.

இங்கே நாங்கள் பிள்ளையை விலக்குவதில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். கடிதம் கொடுத்து விலக்குவதில்லை, அவ்வளவுதான். "கொஞ்சம் வளர்ந்தாப் போலக் கொண்டு வாங்கோ அம்மா" என்று படலையடியில் அன்பாகச் சொல்கிறோம். அந்தத் தாய் தலையாட்டிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார். பிறகு வரவே மாட்டார். பெயர் எந்தப் பதிவேட்டிலும் விலக்கப்பட்டதாக இருக்காது. தணியப் பழகுவதற்கு மற்றப் பிள்ளைகள் அதிகம் தேவைப்பட்ட பிள்ளை, மற்றப் பிள்ளைகளே இல்லாத முற்றத்தில் ஒரு வருடத்தைக் கழித்துவிட்டு நேரே முதலாம் வகுப்புக்குள் போகிறது. முன்பள்ளியில் டீன் என்று ஒருவர் இருந்தால், 'என்னிடம் சொல்லாமல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப வேண்டாம்' என்ற ஒரே ஓர் அதிகாரத்தையாவது அவருக்குக் கொடுக்க வேண்டும்.

இதுவரை வந்த இடம் இது: டீன் காரணத்தைத் தேடுகிறவர், ஆசிரியையைப் பலப்படுத்துகிறவர், பிள்ளையை உள்ளேயே வைத்திருக்கப் போராடுகிறவர்.

## வன்னியில் இதை ஆர் செய்வது

எங்கள் முன்பள்ளிகளுக்கு ஒரே சொந்தக்காரர் இல்லை. முன்பள்ளி மாகாண சபைக்கு உரிய விடயம். நடத்துவது கிராம அபிவிருத்திச் சங்கமாக இருக்கலாம், கோயிலாகவோ தேவாலயமாகவோ இருக்கலாம், பிரதேச சபையாகவோ தொண்டு நிறுவனமாகவோ இருக்கலாம். போருக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கிய சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளத்தில் வேலை செய்த ஆசிரியைகளும் இருந்தார்கள். அது சரியா என்ற விவாதம் வேறு. இங்கே நான் கவலைப்படுவது, சம்பளம் ஒரு பக்கம், மேற்பார்வை இன்னொரு பக்கம், கட்டடம் மற்றொரு பக்கம் என்று கிடக்கும்போது பிள்ளையின் அன்றாடத்தைப் பார்ப்பது ஒருவருடைய கணக்கிலும் வராமல் போவதைப் பற்றித்தான்.

பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். கல்வி வலயத்திலும் முன்பள்ளிக்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் துணுக்காய் மாதிரி ஒரு பிரதேசத்தில் ஒருவர் எத்தனை முன்பள்ளிப் படலைகளில் நிற்க முடியும்? அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போக முடியும். பத்து மணிக்கு முன் கடிக்கிற பிள்ளையை ஒரு வாரம் இருந்து பார்க்க முடியாது.

ஒவ்வொரு முன்பள்ளிக்கும் ஒரு டீன் என்பதும் நடக்கிற காரியமில்லை. இரண்டு ஆசிரியை இருக்கும் இடத்தில் மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? நடக்கக்கூடியது என்று நான் நினைப்பது இது: மல்லாவி, யோகபுரம் போலப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து முன்பள்ளிகளுக்குச் சேர்த்து, பிள்ளைகளோடு பல வருடம் பழகிய ஆசிரியை ஒருவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுப்பது. அவருக்கு வகுப்பு கிடையாது. ஸ்கூட்டிக்கு எரிபொருள் கிடைக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் கிழமையில் ஒரு முழுக் காலை. பிரச்சினை கிளம்பிய இடத்தில் தொடர்ந்து சில நாட்கள். புதிய கட்டடம், பெயர்ப்பலகை, அறை எதுவும் வேண்டாம். அந்தக் காசை அவருடைய கொடுப்பனவில் போடுங்கள்.

இந்த மண்ணில் அந்தப் பொறுப்பை எடுக்கிறவர் ஒரு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 2009இல் போர் முடிந்தது. இன்று முன்பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்தவர்கள் இல்லை. ஆனால் அவர்களுடைய தாய் தகப்பன்மார் பலர் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். இடம்பெயர்ந்தார்கள், மெனிக்பாம் முகாமில் இருந்தார்கள், ஆட்களை இழந்தார்கள். அந்தத் தாய்க்குப் பிள்ளையின் கத்தல் எதை ஞாபகப்படுத்துகிறது என்று எங்களுக்குத் தெரியாது. பிள்ளையைத் தணிக்க வேண்டியவருக்கே தணிவு கிடைக்காமல் இருக்கலாம். டீன் அவரோடு பேசும்போது அறிவுரையைக் குறைத்து, கேட்பதைக் கூட்ட வேண்டும். அதேநேரம், குழம்புகிற பிள்ளை எல்லாவற்றுக்கும் "போரால பாதிக்கப்பட்ட குடும்பம்" என்று முத்திரை குத்தவும் கூடாது. நான் சொன்ன தம்பிக்கு இருந்தது பசியும் நித்திரைக் குறைவும் கைகழுவும் வரிசையும். பெரிய காரணத்தைத் தேடிப் போகிறவர் சின்னக் காரணத்தை மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

## டீன் எங்கே நிற்க வேண்டும்

டீன் வைத்தியர் இல்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, மூன்று வயது கடந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளை, முகம் பார்க்காமல் தன்பாட்டில் இருக்கும் பிள்ளை என்றால், 'இது ஓட்டிசம்' என்று தாயிடம் சொல்ல அவருக்கு உரிமையில்லை. கண்டதை எழுதி, கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போகச் சொல்லலாம், கூடவும் போகலாம். பயந்த தாயோடு பஸ்ஸில் பக்கத்தில் இருந்து போவது நான் அறிந்த நல்ல உதவிகளில் ஒன்று. காது கேட்பதை முதலில் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. காது கேளாத பிள்ளையைச் சொல்வழி கேளாத பிள்ளை என்று நினைத்துவிடுவது சுலபம்.

பிள்ளையின் உடம்பில் காயம், தகாத தொடுகை பற்றிய சொல், ஒருவரைக் கண்டதும் வரும் அசாதாரணமான பயம் என்றால் கொப்பியில் நிரல் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிப்பது அந்த வேளையில் டீனின் வேலை இல்லை. பிள்ளை தானாகச் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் இருந்தால் போதும்.

வீட்டுக் கதைகளை வெளியே விடாதிருப்பதும் இதோடு சேர்ந்தது. கிராமம் சின்னது. படலையடியில் அம்மம்மா சொன்ன கதை பின்னேரம் சந்தியில் கேட்டால், அதற்குப் பிறகு ஒருவரும் டீனிடம் எதையும் சொல்லமாட்டார்கள்.

இந்தப் பொறுப்புக்கு உங்கள் ஊரில் இன்னும் ஆள் இல்லாமல் இருக்கலாம். ஜனவரியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது சீருடை, கட்டணம், புத்தகம் எல்லாம் விசாரிப்பீர்கள்தானே, அதோடு இதையும் கேளுங்கள்: "என்ர பிள்ளை அழுது குழறினால், ஆரையாவது கடிச்சால், ஆர் பாக்கிறது? எப்பிடிப் பாக்கிறனீங்கள்?" ஆசிரியை உடனே பதில் சொல்லமாட்டார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டால், கூட்டக் குறிப்பில் ஒருவருடைய பெயரும் அவருக்கென்று ஒரு மணித்தியாலமும் எழுத வேண்டி வரும்.